துறைமுக நகரும் தொடுகைத் தொழிலும் – அனுமதிப்பத்திரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழரின் மருத்துவ மரபு பற்றி எழுதப்புகுவோர் பெரும்பாலும் ஏட்டிலிருந்தே தொடங்குவர். யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய நூல்கள் அவர்களுக்கு முதற்சான்றுகளாக அமைகின்றன. அது இயல்பே. ஆயினும் ஏட்டில் ஏறிய மருத்துவத்துக்குப் புறம்பே, கையளவில் நின்ற மருத்துவம் ஒன்றும் உண்டு. உளுக்கெடுத்தல், நரம்பு தடவுதல், நோவெண்ணெய் பூசி உருவுதல், பிள்ளை பெற்ற தாயையும் சிசுவையும் எண்ணெயிட்டுப் பிடித்துவிடுதல் என மக்கள் வழங்கும் இத்தொழிலைச் சித்த மருத்துவம் தொக்கணம் எனப் பெயரிட்டு, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் முதலாக ஒன்பது வகைப்படுத்தியுள்ளது. எனினும் கிராமத்தில் இதனைச் செய்தோருள் மிகப் பலர் இப்பகுப்பை அறிந்திருந்தனர் எனக் கொள்ளுதற்கில்லை. அவர்களின் கல்வி கைவழி வந்தது.

கைவழி வந்த இத்தொழிலைச் சட்டம் எவ்வாறு நோக்கிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள். அதனை ஆராய்தற்குத் திருகோணமலை பொருத்தமான களமாகும். கடற்படையும் காவற்படையும் தங்கிய துறைமுகங்களிலேதான், பிறர் உடலைத் தொட்டுப் பிழைப்போர் மீது அரசின் கண் முதலில் விழுகின்றது. அவ்வாறு விழுந்த கண் தொழிலாளியின் கையைப் பார்க்கவில்லை. அவர் இருந்த வீட்டையும், பின்னர் அவரிடம் இருந்த கடதாசியையுமே பார்த்தது. இன்று ஒரு நகரம் உடற்பிடிப்புத் தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவதில் எதிர்நோக்கும் இடர்ப்பாடுகள் பல, இப்பழைய பார்வையிலிருந்து கிளைத்தவை என்பது எமது கருத்து.

அனுமதிப்பத்திரம் தோன்றுமுன்னர் தொழில் ஒழுங்கு இருக்கவில்லை என எண்ணுதல் தவறு. கவிராச வரோதயன் பாடியதாகக் கொள்ளப்படும் கோணேசர் கல்வெட்டு, திருக்கோணேச்சரத்தைச் சார்ந்த தானத்தார், வரிப்பத்தார் முதலியோர்க்குரிய தொழும்புகளை வகுத்துரைப்பது. யார் எதனைச் செய்தற்கு உரியர் என்பதைப் பிறப்பும் கோயிற் கடமையும் தீர்மானித்த சமுதாயத்தின் ஆவணம் அது. அங்கே உரிமமும் ஊழியமும் ஒன்றே. தொழிலை விரும்பி ஏற்கவும் முடியாது, வெறுத்துத் துறக்கவும் முடியாது. மருத்துவத் தொடுகையும் இவ்வொழுங்கின் வெளியே நிற்கவில்லை. சவரத் தொழில் செய்தோரையே மருத்துவர் எனவும் பரியாரி எனவும் அழைக்கும் வழக்குத் தமிழகத்திலும் ஈழத்திலும் காணப்படுவதும், அக்குலப் பெண்களே பல ஊர்களில் மருத்துவிச்சிகளாக விளங்கியதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன. தீட்டு எனக் கருதப்பட்ட தொடுகை அனைத்தும் ஒரு குலத்தின் தோளில் சுமத்தப்பட்டது. அத்தோளின் திறமையை ஊர் பயன்படுத்திற்று. மதிப்பை மட்டும் ஏடு படித்த வைத்தியருக்கு வழங்கிற்று. மரபைப் போற்றுவோர் இதனையும் சேர்த்தே நினைத்தல் வேண்டும்.

ஐரோப்பியர் வந்தபோது அவர்களிடத்தும் நிலைமை பெரிதும் வேறாக இருக்கவில்லை என்பது சுவையான செய்தி. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் கப்பல்களிற் பணியாற்றிய வைத்தியர்கள் சவரமும் சத்திரசிகிச்சையும் ஒருங்கே செய்த வகுப்பினராவர். இலண்டனிலும் நாவிதரும் சத்திரசிகிச்சையாளரும் 1540 முதல் 1745 வரை ஒரே தொழிற்குழுவினராக இருந்தனர். பிரிவு பின்னர் வந்தது. பிரிந்தபோது ஒரு சாரார் கத்தியோடு கல்லூரிக்குச் சென்றனர்; மறுசாரார் கத்தியோடு கடையிலேயே நின்றுவிட்டனர்.

1795இல் பிரித்தானியர் திருகோணமலையைக் கைப்பற்றினர். 1802ஆம் ஆண்டின் ஏமியன்ஸ் உடன்படிக்கை இலங்கைக் கரையோரத்தை அவர்கட்கு உறுதிசெய்தது. இத்துறைமுகம் கொழும்பைப் போல வணிகத்தால் வளர்ந்ததன்று. கடற்படையின் தேவைக்கேற்ப அது விரிந்தும் சுருங்கியும் வந்தது. கப்பற்படை வந்தால் ஊர் நிறையும், போனால் வெறிச்சோடும். 1905ஆம் ஆண்டளவில் அங்கிருந்த கடற்படைத் தளம் மூடப்பட்டமையும், 1942 பெப்புருவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் அது மீண்டும் பேருருக் கொண்டமையும் இதற்குச் சான்றுகள்.

கப்பற்படையின் வலிமை மாலுமியின் உடல்நலத்தில் தங்கியுள்ளது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்து கணக்கிடத் தொடங்கியது. அதன் விளைவே 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டங்கள். போட்ஸ்மத், பிளிமத் முதலிய படைநகர்களில் ஐயத்துக்குரிய பெண்களைப் பதிவுசெய்து, கட்டாய உடற்சோதனைக்கு உட்படுத்த இவை வழிவகுத்தன. சோதிக்கப்பட்டவள் பெண், மாலுமி சோதிக்கப்படவில்லை. இலங்கையிலும் 1867இல் இவ்வகையான கட்டளைச் சட்டம் பிறந்தது. யோசபின் பட்லர் அம்மையார் முதலியோர் நடத்திய நீண்ட இயக்கத்தின் பயனாக இங்கிலாந்தில் 1886இல் இச்சட்டங்கள் நீக்கப்பட்டன. 1888இல் பிரித்தானிய மக்கள் சபை குடியேற்ற நாடுகளில் நிலவிய இம்முறைக்கு எதிராகவும் தீர்மானம் நிறைவேற்றியது.

பதிவுமுறை வீழ்ந்த இடத்தில் வேறொன்று எழுந்தது. 1889ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம் அது. இதன் அமைப்பை ஊன்றி நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இச்சட்டத்தின் இலக்கு வீடு. விடுதியை நடத்துபவர், நடத்த உதவுபவர், அதன் வாடகைக்காரர், அறிந்தே வாடகைக்கு விட்ட உரிமையாளர் ஆகியோரையே அது குற்றவாளிகளாக்குகின்றது. தெருவில் நிற்போரை 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க, அலைந்து திரிவோர் பற்றிய கட்டளைச் சட்டம் முன்னரே கவனித்துக்கொண்டது. ஆகவே, பணம் பெற்றுப் பிறர் உடலைத் தொடுபவர் எவராயினும், கதவு மூடியிருந்தால் ஒரு சட்டத்தின் ஐயத்துக்கும், தெருவில் நின்றால் மற்றொரு சட்டத்தின் ஐயத்துக்கும் ஆளாகும் நிலை உருவாயிற்று. இவ்விரு சட்டங்களும் பேரரசு மறைந்த பின்னும் நம் சட்டப் புத்தகத்தில் நிலைத்திருக்கின்றன. இந்நாட்டுப் பத்திரிகைகளில் “ஆயுர்வேத மசாஜ் நிலையம் என்ற போர்வையில்” எனத் தொடங்கும் செய்திகளை வாசிக்கும் எவரும், அவற்றின் பின்னால் 1889ஆம் ஆண்டுச் சட்டம் நிற்பதைக் காணலாம்.

பேரரசின் தலைநகரிலும் இதே ஐயம் இக்காலத்தில் எழுந்தது. 1894இல் பிரித்தானிய மருத்துவ இதழ், இலண்டனில் உடற்பிடிப்பு நிலையம் என்னும் பெயரில் ஒழுக்கக்கேடு நடப்பதாக எழுதிற்று. அவ்வாண்டிலேயே தாதியர் நால்வர் கூடிப் பயிற்சிபெற்ற உடற்பிடிப்புப் பெண்களின் சங்கத்தை நிறுவினர். தம்முடைய நற்பெயரைக் காக்கத் தாமே விதிகள் வகுத்தனர்: மருத்துவரின் பணிப்பின்றிச் சிகிச்சையளித்தலாகாது, ஆடவர்க்குப் பொதுவான உடற்பிடிப்புச் செய்தலாகாது, பொது இதழ்களில் விளம்பரம் செய்தலாகாது, மருந்து விற்றலாகாது. இவ்விதிகள் அவர்களை மருத்துவரின் அதிகாரத்தின்கீழ் வைத்தன என்று குறை கூறலாம். ஆனால் அக்கீழ்ப்படிவே அவர்களுக்கு ஏணியுமாயிற்று. அச்சங்கம் 1920இல் அரச பட்டயம் பெற்று, 1944இல் பட்டயம் பெற்ற இயன்மருத்துவச் சங்கம் எனப் பெயர் மாறியது. இன்று மருத்துவமனைகளிற் காணப்படும் இயன்மருத்துவர் அந்நால்வரின் வழிவந்தோர் எனலாம். அதே 1920இல் இலண்டன் மாநகர மன்றத்துக்குரிய சட்டம், உடற்பிடிப்பு நிலையங்கள் மன்றத்தின் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என விதித்தது. ஒரே ஆண்டில், ஒரே நகரில், கைக்குப் பட்டயமும் கட்டடத்துக்கு அனுமதிப்பத்திரமும் கிடைத்தன. பட்டயம் பெற்றவர் மதிப்புடன் சென்றார். பெறாதவர் கட்டடத்தோடு சேர்த்துப் பரிசோதிக்கப்பட்டார்.

யப்பானின் அனுபவம் வேறுபட்டது. அங்கே அன்மா எனப்படும் உடற்பிடிப்புக் கலை நெடுங்காலம் பார்வையற்றோரின் தொழிலாக வளர்ந்தது. அவர்களின் தொழிற்குழு 1871இல் ஒழிக்கப்பட்டது. எனினும் 1911இல் உள்துறை அமைச்சு வெளியிட்ட விதிகள் அன்மாத் தொழிலுக்குத் தனியாள் உரிமத்தை ஏற்படுத்தின. இரண்டாம் உலகப்போரின்பின் நாட்டை ஆண்ட நேசப்படைத் தலைமையகம் மரபுவழிச் சிகிச்சைகளைத் தடைசெய்ய முற்பட்டபோது, பார்வையற்ற தொழிலாளர் திரண்டு எதிர்த்தனர். 1947 இறுதியில் நிறைவேறிய 217ஆம் இலக்கச் சட்டம் அன்மா, ஊசிமருத்துவம் முதலியவற்றை உரிமத்துடன் நிலைநிறுத்தியது. அங்கே வினாவப்பட்டது, “இவர் கற்றவரா?” என்பது. இலண்டனின் உரிமச் சட்டம் வினாவியது, “இந்த இடம் எத்தகையது?” என்பது. இரு வினாக்களுக்கிடையே உள்ள தூரம் பெரிது.

இனி இலங்கைக்குத் திரும்புவோம். இங்கு வீட்டை நோக்கிய சட்டம் ஒருபுறம் நிற்க, தொழிலாளியை நோக்கிய சட்டங்கள் மருத்துவத்தின் வாயிலாகவே வந்தன. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் மேலைமருத்துவரோடு மருத்துவ மாதர், தாதியர், மருந்தாளர் ஆகியோரையும் பதிவேட்டினுள் கொண்டுவந்தது. அரசாங்க மருத்துவ மாது ஊருக்கு வந்தது தாய்மார் பலரின் உயிரைக் காத்த நல்விளைவு, அதில் ஐயமில்லை. அதன் மறுபக்கத்தை மட்டும் ஒருவரும் எழுதிவைக்கவில்லை. பழைய மருத்துவிச்சியிடமிருந்து பேறு பார்க்கும் பணி கைநழுவியபோது, அவளிடம் எஞ்சியது எண்ணெய் பூசிப் பிடித்துவிடும் பணி. அப்பணிக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் இல்லை. பெயரற்ற தொழில் நாளடைவில் தொழிலே அல்லாததாயிற்று.

சுதேச மருத்துவம் தன் உரிமைக்காக வேறொரு போராட்டத்தை நடத்தியது. 1929இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி தோன்றியது. 1941ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுதேச வைத்தியக் கட்டளைச் சட்டம் வைத்தியர் பதிவுக்கு இடமளித்தது. அதன் இடத்துக்கு வந்த 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், ஆயுர்வேதம் என்னும் சொல்லுக்குள் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் அடக்கி, ஆயுர்வேத மருத்துவ சபையை நிறுவி, வைத்தியர், மருந்தாளர், தாதியர் ஆகியோரின் பதிவுக்கு வழிசெய்தது. தேசிய விழிப்பின் பெறுபேறுகளில் இச்சட்டம் ஒன்று என்பதில் தடையில்லை. பரம்பரை வைத்தியர்க்கும் அது கதவைத் திறந்தது. முறிவு நெரிவு, விடக்கடி, கண்ணோய், தீக்காயம் என்னும் தனித்துறைகளில் தேர்ச்சிபெற்றோர் அத்துறைப் பெயராலேயே பதிவுபெற முடிந்தது.

முறிவு நெரிவு வைத்தியர் உள்ளே வந்தார். உருவுபவர் வெளியே நின்றார். ஏன் என்று வினாவின், நோயின் பெயரால் துறைகள் வகுக்கப்பட்டமையே காரணம் எனலாம். எலும்பு முறிவு ஒரு நோய்நிலை. உருவுதல் ஒரு செயல்முறை. அது எந்நோய்க்கும் துணையாகும், நோயின்றி அலுப்புத் தீரவும் பயன்படும். வைத்தியர் அதைச் செய்தால் வைத்தியத்தின் பகுதி. பிறர் செய்தால் பெயரில்லாச் செயல். தம்பலகாமம், கந்தளாய் வயல்களில் உழைப்பவரும், திருகோணமலைக் கடற்கரையில் கரைவலை இழுப்பவரும், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவரும் நாடுவது பெரும்பாலும் இப்பெயரில்லாச் செயலையே. இவர்கள் தமிழர், முசுலிம்கள், சிங்களவர் என மூவினத்தவர். நோவெண்ணெய்க்கு மொழிப்பிரச்சினை இல்லை. சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை எனச் சட்டம் பிரித்துப் பெயரிட்ட மரபுகள், இம்மாவட்டத்தில் ஒரே முதுகின் மேல் சந்தித்துக்கொள்கின்றன.

1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. பின்னர் போர் முடியும்வரை நேசநாட்டு மாலுமிகளும் படையினரும் இந்நகரிற் பெருந்தொகையாகக் குவிந்தனர். கடற்படைத் தளம் 1957 ஒக்டோபரில் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் நகரின் உணவுச்சாலை, சலவைச்சாலை, சலூன் ஆகியவை எவ்வளவு பெருகியிருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று. இவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரம், 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க நகரசபைகள் கட்டளைச் சட்டத்தின்படி உபவிதிகள் இயற்றும் சபைகளிடம் இருந்தது. உள்ளூராட்சி உபவிதிகளின் இயல்பை அறிந்தோர் அவற்றின் அக்கறை எங்குள்ளது என்பதையும் அறிவர்: வெளிச்சம், காற்று, நீர், வடிகால், துவாயின் சுத்தம். அனைத்தும் வேண்டப்படுவனவே. ஆனால் சவரம் முடிந்ததும் வாடிக்கையாளரின் கழுத்தை ஒரு பக்கம் திருகிச் சொடுக்கெடுக்கும் கலையைப் பற்றி அவை பேசுவதில்லை. கழுத்தெலும்பின் தலைவிதி துவாயின் சுத்தத்தைவிடச் சிறிதாகிவிட்டது போலும்!

உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளின் உல்லாசப் பயணத்துறை நலிந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை எஞ்சியதையும் அள்ளியது. 2009இன் பின்னர் விடுதிகள் மீண்டும் எழுந்தன. அவற்றுடன் உடற்பிடிப்பு நிலையங்களும் வந்தன. ஒருகாலத்தில் மாலுமிக்கு நேர்ந்தது இப்போது உல்லாசப் பயணிக்கு நேர்கின்றது: வெளியிலிருந்து வரும் உடலுக்காக ஊர் தன் தொழில்களை அடுக்கி வைக்கின்றது. இங்கு அதிகாரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ளன. வியாபார இடத்துக்கு உள்ளூராட்சி மன்றம். ஆயுர்வேதம் என்னும் பெயருக்கு ஆயுர்வேதத் துறை. உல்லாசப் பயணிக்குரிய சேவைக்கு, 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்வழி அமைந்த சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை. இவற்றுக்கு மேலாக, 1889ஆம் ஆண்டுச் சட்டத்துடன் பொலிசார். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் சுதேச வைத்தியத்தை மாகாண சபைகளின் நிரலில் வைத்தமையால், திருகோணமலையிலிருந்தே இயங்கும் மாகாண நிருவாகத்துக்கும் இதில் இடமுண்டு. இத்தனை வாயில்களையும் கடக்கப் பணமும் கடதாசியும் உள்ள விடுதி முதலாளியால் இயலும். பரம்பரைக் கையுடைய முதியவருக்கோ, கணவனை இழந்து இத்தொழிலால் பிழைக்க முனையும் பெண்ணுக்கோ அது எளிதன்று. விடுதியில் குறுங்காலப் பயிற்சி பெற்றவர் நிபுணர் எனப்படுகிறார். அவருக்குப் பக்கத்து ஊரில் நாற்பது ஆண்டு உருவிய கை, விண்ணப்பப் படிவத்தில் எழுதத்தக்க தகைமை எதுவும் இல்லாததாகின்றது.

இடத்தை மட்டும் காவல்செய்யும் சட்டம் எங்குப் போய் முடியும் என்பதற்குத் தமிழகம் அண்மைய உதாரணம் தருகின்றது. உடற்பிடிப்பு நிலையங்களில் கண்காணிப்புக் கமெராக்கள் பொருத்தப்பட வேண்டுமென 2021 திசெம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி பணித்தார். 2022 சனவரியில் அதே நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மற்றொரு நீதிபதி, அவ்வாறு செய்தல் உடல்சார்ந்த அந்தரங்க உரிமைக்கு முரணாகும் எனக் கருதினார். சில வாரங்களுள் இரு நேரெதிர்க் கருத்துகள்! இரண்டாம் நீதிபதியின் பக்கமே நாம் நிற்போம். எனினும் இருவர் முன்னும் வைக்கப்பட்ட வினா அறையைப் பற்றியதாகவே இருந்தது என்பதும் நோக்குதற்குரியது.

அயல்நாடான தாய்லாந்து 2016ஆம் ஆண்டின் சுகநல நிலையங்கள் சட்டத்தில் இடத்துக்கு அனுமதியையும் சேவையாளருக்குப் பதிவையும் தனித்தனியே விதித்தது. அந்நாட்டின் மரபுவழி உடற்பிடிப்புக் கலையை 2019இல் யுனெஸ்கோ மானிடப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. தாய்லாந்தில் துர்ப்பிரயோகமே இல்லை என்பது இதன் பொருளன்று. பெண்களை ஏமாற்றியும் வற்புறுத்தியும் இத்தொழிலின் திரைமறைவில் விற்கும் கொடுமை அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அதனைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பாருடன் நமக்குப் பிணக்கில்லை. ஆனால் தொழிலாளி தம் பெயரில் ஓர் உரிமம் வைத்திருக்கும்போது, தீய முதலாளியை விட்டு விலகி வேறிடம் செல்லும் வலிமை அவருக்குக் கிடைக்கின்றது. உரிமம் முழுவதும் கட்டடத்தின் சுவரில் தொங்கும்போது அவ்வலிமையும் சுவருக்கே சொந்தமாகின்றது.

திருகோணமலைக்கு இதிற் தனி வாய்ப்பொன்று உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984இல் தொடங்கிய சித்த மருத்துவக் கல்வி, 2008இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் தொடங்கியது. கோணேசபுரியில் மாணவர் தொக்கணத்தை ஏட்டுவழியும் செய்முறைவழியும் கற்கின்றனர். பட்டம் பெற்றபின் பதிவும் பெறுகின்றனர். அவர்கள் கற்கும் இடத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் கரைவலை வாடிகள் உள்ளன. அங்கு உளுக்கெடுப்போரையும், மூதூர், கிண்ணியாப் பகுதிகளின் பரம்பரைக் கைகளையும் அழைத்து, எழுத்துத் தேர்வின்றிக் கைத்திறனை நேரிற் பார்த்துச் சான்றளிக்கும் குழுவொன்றை அமைத்தல் இயலும். அக்குழுவில் சித்த மருத்துவ விரிவுரையாளர் ஒருவர், அரசாங்க மருத்துவமனையின் இயன்மருத்துவர் ஒருவர், தொழில்புரியும் பரம்பரையாளர் இருவர் இருத்தல் வேண்டும். பரம்பரையாளருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் அவசியம். எந்நிலையில் தொடக்கூடாது என்பதே அக்குழுவின் முதல் வினாவாகட்டும்: முறிந்த எலும்பு, வீங்கிய நரம்பு, காய்ச்சல், கருவுற்ற வயிறு. கைவழிக் கல்வியுடையோர் இவ்வினாவுக்கு விடை கூறத் தயங்கமாட்டார். உள்ளூராட்சி மன்றம் அச்சான்றை ஏற்று, தொழிலாளியின் பெயரிலேயே அனுமதிப்பத்திரம் எழுதத் துணியுமா என்பதே எஞ்சியுள்ள கேள்வி.